அடுப்பு ஏறாத பிரசாதம்

பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019 ஆகஸ்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழ்நாட்டுக் கோயில் பிரசாதங்களில் அந்த அங்கீகாரத்தை முதலில் பெற்றது அதுதான். ஆனாலும் பஞ்சாமிர்தத்தின் வரலாற்றைப் பற்றிப் பேச்செடுத்தால் அது நேராகச் சித்தர் போகரிடமும் மூலவரின் நவபாஷாணச் சிலையிடமும் போய் நின்றுவிடுகிறது. சித்தர் சொன்ன மருந்து, அபிஷேகத்தில் இறங்கிய குணம் என்று அதோடு பேச்சு முடிந்துவிடும். நம்பிக்கையோடு வழக்காட எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த விளக்கம் பஞ்சாமிர்தத்தின் புனிதத்தைச் சொல்கிறதே தவிர, அதன் வடிவத்தைச் சொல்வதில்லை. ஏன் வாழைப்பழம்? ஏன் நாட்டுச்சர்க்கரை? ஏன் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்ப்பதில்லை? ஏன் அதை அடுப்பில் ஏற்றுவதில்லை? இந்தக் கேள்விகளுக்குப் பழனியைச் சுற்றியுள்ள மலையும் வயலும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பாதயாத்திரைப் பாதையும்தான் பதில் சொல்ல முடியும். ஒரு தனி மனிதரின் கைப்பக்குவத்தில் பிறந்ததாக இல்லாமல், நடந்து வந்து நடந்தே வீடு திரும்பிய மக்களின் தேவை வார்த்தெடுத்த பண்டமாகவே நான் அதைப் பார்க்கிறேன்.

முருகனுக்குப் படைப்பது என்றென்றும் பழமாகவே இருந்ததில்லை. திருமுருகாற்றுப்படை காட்டும் குன்றத்து வழிபாட்டில் தினை உண்டு, ஆட்டுக்கிடாயின் குருதி பிசைந்த அரிசி உண்டு. ஆகமக் கோயில் மரபு வேரூன்றிய பிறகு அபிஷேகப் பொருள்கள் மாறின. பால், தயிர், நெய், தேன், சர்க்கரை ஐந்தும் சேர்ந்தது ஒரு வகை. பழத்தை அடிப்படையாகக் கொண்டது இன்னொரு வகை. பழப் பஞ்சாமிர்த அபிஷேகம் தென்னாட்டில் எத்தனையோ கோயில்களில் நடக்கிறது. ஆகவே பழனிதான் அதைக் கண்டுபிடித்தது என்று நான் சொல்லவரவில்லை. மற்ற கோயில்களில் கருவறையோடும் கைநிறையக் கிடைக்கும் விநியோகத்தோடும் நின்றுபோன பண்டம், பழனியில் மட்டும் மலையிறங்கி ஊர் ஊராகப் போனது. கவனிக்க வேண்டிய வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. பாலும் தயிரும் கலந்த கலவை அன்று மாலைக்குள் புளித்துவிடும். அதைக் கட்டிக்கொண்டு ஒரு வாரம் யாரும் நடக்க முடியாது.

யார் நடந்தார்கள் என்பதற்குச் சான்று இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டு நிகழ்வுகளைச் சொல்லும் நகரத்தார் ஆவணங்கள் பழனிக்கு உப்பு விற்க வந்த செட்டியாரைப் பற்றியும், வியாபாரத்தில் வந்த வரவில் ஒரு பங்கு முருகனுக்கென்று ஒதுக்கப்பட்டதைப் பற்றியும் பேசுகின்றன. வணிகப் பாதையும் யாத்திரைப் பாதையும் அன்று ஒன்றாகவே இருந்திருக்கின்றன. இன்றும் தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடிகள் செட்டிநாட்டிலிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாக நடந்தே வருகின்றன. பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியிலிருந்து காவிரித் தீர்த்தம் சுமந்து கொங்கு மக்கள் வருகிறார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கேரளத்தவர் வருகிறார்கள். இவர்களில் எடப்பாடிக் காவடிக் கூட்டத்தைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். தைப்பூசம் முடிந்த கையோடு ஆயிரக்கணக்கில் வந்து சேரும் இவர்கள், ஓர் இரவு மலைமேல் தங்கும் வழிவழி உரிமை உடையவர்கள். பழம், சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய் எல்லாவற்றையும் மலைக்குக் கொண்டுவந்து, டன் கணக்கில் பஞ்சாமிர்தம் பிசைந்து, சுவாமிக்குப் படைத்து, தங்களுக்குள் பங்கிட்டு ஊருக்கு எடுத்துச் செல்கிறார்கள். கோயில் மடப்பள்ளி கொடுக்க யாத்திரிகர் வாங்கிச் செல்வது என்ற இன்றைய வழக்கத்துக்கு முந்தைய நிலை எப்படி இருந்திருக்கும் என்பதை இந்தக் கூட்டத்தின் வழக்கம் நமக்குக் காட்டுகிறது என்று நினைக்கிறேன்.

செய்முறையைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நன்கு கனிந்த பழத்தை உரித்து நாட்டுச்சர்க்கரை சேர்த்துப் பிசையும்போது, சர்க்கரை பழத்திலுள்ள நீரை வெளியே இழுத்து அதிலேயே கரைகிறது. கலவை இளகிக் கருஞ்சிவப்பாகிப் பிறகு மெல்ல இறுகும். கொட்டை நீக்கிய பேரீச்சை, வாயில் நறுக்கென்று கடிபடும் கற்கண்டு, தேன், உருக்கிய நெய், ஏலப்பொடி எல்லாம் அதன்பின் சேரும். எந்தக் கட்டத்திலும் அடுப்பு இல்லை. நெருப்பு வேலை முழுவதும் கரும்பாலைக் கொட்டகையிலேயே, சாறு கொப்பரையில் கொதித்துப் பாகாகித் தொட்டியில் கொட்டிக் கிளறப்பட்ட அன்றே, முடிந்துவிட்டது. 600 படிகளுக்கு மேல் ஏறிப் போக வேண்டிய பாறைக் குன்றின் உச்சியில் விறகும் தண்ணீரும் எவ்வளவு அருமை என்று எண்ணிப் பாருங்கள். இரண்டும் வேண்டாத ஒரு பிரசாதம் அங்கே நிலைத்தது தற்செயல் அல்ல. சர்க்கரை மிகுந்து நீர் கட்டுண்ட கலவையில் கிருமிகள் எளிதில் பெருகுவதில்லை. அதனால்தான் பதப்படுத்தும் மருந்து எதுவும் இல்லாமலே அது பல நாள் தாங்குகிறது.

எல்லா வாழையும் இதற்கு ஒத்துவராது. பூவனும் கற்பூரவள்ளியும் சாறு மிகுந்தவை. பிசைந்தால் கூழாகத் தளர்ந்துவிடும். கீழ்ப்பழனி மலைச் சரிவுகளில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர்ப் பக்கம் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே விளையும் விருப்பாட்சி வாழைப்பழம் சிறியது, தோல் தடித்தது, சதை இறுகியது, ஈரம் குறைந்தது. தோல் கறுத்த பிறகும் உள்ளே குழையாமல் நிற்கும், மணமும் போகாது. இந்த மலைவாழைக்குப் பெயர் கொடுத்த விருப்பாட்சி, 1801இல் கும்பினியை எதிர்த்துத் தூக்குமேடை ஏறிய கோபால நாயக்கரின் பாளையம் என்பதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்வது தகும். மலையிலிருந்து பழத்தோடு ஏலமும் பளியர் பழங்குடியினர் எடுக்கும் தேனும் இறங்கின. கீழே நெய்க்காரப்பட்டியும் கவுந்தப்பாடியும் சர்க்கரை கொடுத்தன. கோயில் இன்றும் கவுந்தப்பாடிச் சந்தையில்தான் நாட்டுச்சர்க்கரை வாங்குகிறது. பேரீச்சை ஒன்றுதான் கடல் கடந்து வந்த பொருள். மலைச்சரக்கும் சமவெளிச் சரக்கும் கை மாறும் இடத்திலேயே பழனி அமைந்திருப்பதால், இவை எல்லாம் அங்கே ஒன்று சேர்ந்ததில் வியப்பில்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. ஞானப்பழத்துக்காகக் கோபித்து மலையேறிய பிள்ளையின் தலம் அது, பழப் பிரசாதம் அந்தக் கதையிலிருந்து வந்தது, பாதையும் சந்தையும் எதற்கு என்று கேட்கலாம். பழத்தின் மேல் பக்தர் மனம் போனதற்குக் கதை காரணமாக இருந்திருக்கலாம். அதை மறுக்க மாட்டேன். ஆனால் கதையில் வரும் பழம் மாம்பழம். கதைதான் பண்டத்தைத் தீர்மானித்தது என்றால் பஞ்சாமிர்தம் மாம்பழத்தில் அல்லவா இருக்க வேண்டும்? மாம்பழம் சித்திரை பிறந்தால்தான் நிறைய வரும். பழனியின் பெருங்கூட்டமோ தையிலும் பங்குனியிலும். அந்த மாதங்களில் வாழை இருக்கிறது, ஏனென்றால் வாழை எந்த மாதத்திலும் இருக்கிறது. கொங்கு நாட்டுக் கரும்பு வெட்டி, ஆலை ஓடி, புதுச்சர்க்கரை சந்தைக்கு வருவதும் அதே மாதங்களில்தான். கதை பழம் என்றது. எந்தப் பழம் என்பதைப் பருவமும் சந்தையும் முடிவுசெய்தன.

இன்னொரு மறுப்பை அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது. 1928இல் திண்டுக்கல்–பொள்ளாச்சி ரயில் பாதை பழனி வழியாகத் திறந்தது. பிறகு பேருந்து, 1966இல் மலைமேல் விஞ்ச், 2004இல் ரோப் கார். காலையில் வந்து மாலையில் திரும்பும் யாத்திரிகருக்கு ஒரு வாரம் தாங்கும் பண்டம் தேவையே இல்லை. கையால் பிசைந்தது இயந்திரத்துக்கு மாறி, டப்பாவில் அடைபட்டு வருகிறது. பாதையின் தேவைதான் பஞ்சாமிர்தத்தை உருவாக்கியது என்றால், அந்தத் தேவை போன பிறகும் அது ஏன் நிற்கிறது? என் பதில்: அதற்குள் பஞ்சாமிர்தம் கொண்டுவந்தால்தான் பழனி போய்வந்ததாக அர்த்தம் என்று ஆகிவிட்டது. போகாதவர்களுக்கு, அக்கம்பக்கத்து வீடுகளுக்கு, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு என்று அது பங்காகிப் போய்ச் சேர வேண்டும். பயணம் சுருங்கியது, பங்கு சுருங்கவில்லை. கெடாமல் இருக்க வேண்டிய அவசியம் யாத்திரிகர் தோளிலிருந்து இறங்கி, வாங்கிக்கொள்பவர் வீட்டு அலமாரிக்கு இடம் மாறியது, அவ்வளவுதான்.

உண்மையான ஆபத்து சாலையால் வரவில்லை, வாழைக்கே வந்தது. 1970களில் கீழ்ப்பழனி மலையில் ஏறத்தாழ 18,000 ஹெக்டேரில் இருந்ததாகச் சொல்லப்படும் மலைவாழை, முடிக்கொத்து நோயால் 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. அசுவினி பரப்பும் வைரஸ் நோய் அது. தாக்கிய மரத்தின் இலைகள் நுனியில் கொத்தாகக் குறுகி நிற்கும், தார் தள்ளாது. ஒருமுறை நட்டால் தலைமுறைக்கும் கன்று விட்டு வளரும் பழக்கமே இந்த மலைவாழையின் சிறப்பு. அதுவே பிறகு எமனாயிற்று, தாய்மரத்து நோய் கன்றுக்கும் போனதால். திருச்சி வாழை ஆராய்ச்சி மையமும் வேளாண் பல்கலைக்கழகமும் திசு வளர்ப்பில் நோயற்ற கன்றுகளை உருவாக்கிய பிறகே கொஞ்சம் மீட்சி வந்தது. மலைப்பழம் அரிதான ஆண்டுகளில் சமவெளிக் கற்பூரவள்ளி பிரசாதத்துக்குள் நுழைந்தது. இன்றும் பல இடங்களில் அதுதான் ஓடுகிறது.

விருப்பாட்சி வாழைக்கும் அதைப் போன்ற மலைவாழையான சிறுமலை வாழைக்கும் 2008-09இலேயே தனிப் புவிசார் குறியீடு கிடைத்தது. பஞ்சாமிர்தத்துக்குக் கிடைத்தது அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து. பழத்தையும் பண்டத்தையும் சட்டம் இரண்டு தனிப் பொருள்களாகக் காக்கிறது, இரண்டையும் சேர்த்துக் கட்டும் கயிறு அதில் இல்லை. அந்தக் கயிறு கொள்முதலில்தான் இருக்க முடியும். சர்க்கரையைக் கவுந்தப்பாடி விவசாயியிடம் ஏலத்தில் எடுக்கும் கோயில், பழத்தையும் அதேபோலத் தாண்டிக்குடி, பாச்சலூர் விவசாயியிடம் ஆண்டு முழுவதும் கட்டுப்படியாகும் விலைக்கு எடுத்தால், நிழல் மரத்தடியில் மிளகையும் காப்பியையும் மட்டும் நம்பியிருப்பவர் நடுவே வாழைக்கன்றும் வைப்பார். எடுக்காவிட்டால் வைக்க மாட்டார்.