மாற்று ஆட்டக்காரரை எப்படி மதிப்பிடுவது? பத்மாகர் சிவால்கரை முன்வைத்து ஒரு குறிப்பு

தாராவியிலிருந்து மாஹிம் இரயில்பாதையைக் கடந்து தெற்கே நடந்தால் சிவாஜி பார்க் மைதானம் வரும். இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் பத்மாகர் சிவால்கரின் பெயரோடு பிரிக்க முடியாதபடி இணைந்த களம் அது. 2025 மார்ச் 3 அன்று, 84ஆம் வயதில் அவர் மறைந்தபோது வெளியான அஞ்சலிக் குறிப்புகள் பலவும் ஒரே செய்தியை வலியுறுத்தின: 589 முதல்தர விக்கெட்டுகளை வீழ்த்தியும் அவர் ஒரு டெஸ்ட் ஆட்டத்தில்கூட ஆடவில்லை. பிஷன் சிங் பேடியின் காலத்தில் பிறந்ததே அவரது தீயூழ் என்பது வழக்கமான விளக்கம். இவ்விளக்கம் பாதி உண்மை மட்டுமே என்பது என் கருத்து.

தலைசிறந்த ஒருவருக்கு அடுத்த நிலையில் காத்திருக்கும் மூத்த ஆட்டக்காரரின் மதிப்பை எதைக் கொண்டு அளப்பது? அமெரிக்கக் கால்பந்தில் இக்கேள்வி பெரிதும் விவாதிக்கப்படுகிறது. அங்கே ஒவ்வொரு தாக்குதலையும் தொடங்கிவைப்பவர் குவாட்டர்பேக். அவர் காயமுற்றால் அணியே நிலைகுலையும் என்பதால் அனுபவமிக்க மாற்று வீரர் ஒருவரை எப்போதும் உடன் வைத்திருப்பர். 1972இல் மயாமி டால்ஃபின்ஸ் அணியின் பாப் கிரீஸி ஐந்தாம் ஆட்டத்தில் கால் முறிந்து வெளியேறினார். வேறோர் அணி விடுவித்தபின் வெறும் 100 டாலருக்குப் பெறப்பட்டிருந்த 38 வயது எர்ல் மோரல் பொறுப்பேற்றார். அவர் தொடக்கத்தில் களமிறங்கிய 11 ஆட்டங்களிலும் மயாமி வென்றது. ஒரு தோல்வியும் காணாமல் அப்பருவத்தை நிறைவுசெய்தது. இறுதிப் போட்டிக்குக் கிரீஸி திரும்பியதும் மோரல் மீண்டும் ஓரத்தில் அமர்ந்தார்.

கிரிக்கெட்டில் நிலைமை வேறு. ஆட்டத்தின் நடுவே களமிறங்கும் மாற்று ஆட்டக்காரர் பந்தைத் தடுக்கலாம். அக்கால விதிப்படி பந்து வீசவோ மட்டை பிடிக்கவோ இயலாது. ஆகவே கிரிக்கெட்டில் மாற்று ஆட்டக்காரரின் மதிப்பு களத்தில் வெளிப்படுவதற்கு முன்பே, அணித் தேர்வு நடக்கும் அறையில் முடிவாகிவிடுகிறது.

மயாமி வென்ற அதே 1972–73 பருவத்தில், சென்னை சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பை இறுதியாட்டம் நடந்தது. பம்பாய் 151, 113. தமிழ்நாடு 80, 61. மூன்றாம் நாளின் முதல் பந்திலேயே ஆட்டம் முடிந்தது. சிவால்கர் முதல் இன்னிங்ஸில் 16 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகளையும், இரண்டாவதில் 18 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளையும் வீழ்த்தினார். பம்பாய்க்கு அது தொடர்ந்து 15ஆவது கோப்பை. ஆடுகளமே சுழலுக்குச் சாதகமாக இருந்ததே என்று ஒருவர் மறுக்கலாம். அது சரியான மறுப்புதான். பம்பாயின் எண்ணிக்கையே அதற்குச் சான்று. ஆனால் அதே களத்தில் எதிரணிக்காகப் பந்து வீசியவர்கள் வெங்கட்ராகவனும் வி. வி. குமாரும். இருவரும் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடியவர்கள். ஒரே ஆடுகளத்தில் அவர்களை விஞ்சியவர், டெஸ்ட் வாய்ப்பே பெறாதவர்.

பேடி இருக்கும்வரை இன்னோர் இடக்கைச் சுழலருக்கு இடமில்லை என்பதை ஏற்கலாம். பேடி இல்லாதபோது என்ன நடந்தது? 1974 நவம்பரில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான பெங்களூர் டெஸ்ட்டில், ஒழுங்கு நடவடிக்கை காரணமாகப் பேடி சேர்க்கப்படவில்லை. சிவால்கரைப் போலவே நெடுங்காலம் காத்திருந்த ஹரியானாவின் ராஜிந்தர் கோயல் அணிக்கு அழைக்கப்பட்டார். எனினும் ஆடும் பதினொருவரில் அவருக்கு இடமில்லை. பிரசன்னா, வெங்கட்ராகவன் என இரு வலக்கை ஆஃப் சுழலர்களுடன் இந்தியா களமிறங்கி, 267 ஓட்டங்களில் தோற்றது. கோயல் ஆடியிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று நான் வாதிடவில்லை. இடம் காலியான பிறகும் மாற்று ஆட்டக்காரர் பயன்படுத்தப்படவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. ரஞ்சிக் கோப்பையில் 637 விக்கெட்டுகளுடன் இன்றும் முதலிடத்தில் நிற்கும் கோயலும் ஒரு டெஸ்ட் ஆடாமலே ஓய்வு பெற்றார்.

இங்கேதான் பம்பாய்க்கும் இந்திய அணிக்கும் உள்ள வேறுபாடு புலனாகிறது. ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் கழிந்தபின், 1987–88 பருவத்தில், 47 வயதான சிவால்கரைப் பம்பாய் மீண்டும் அழைத்து இரு ஆட்டங்களில் ஆடவைத்தது. அவரை நம்பலாம் என்று அவ்வணி அறிந்திருந்தது. மாற்று ஆட்டக்காரரின் மதிப்பு அவரது திறமையில் மட்டும் அடங்குவதன்று. தேவை எழும்போது அவரை நம்பி இறக்கும் துணிவு அணிக்கு உண்டா என்பதையும் பொறுத்தது. மயாமிக்கு அது இருந்தது, பம்பாய்க்கு இருந்தது, 1974இன் இந்தியத் தேர்வாளர்களுக்கு இல்லை.

2017இல் கோயலுக்கும் சிவால்கருக்கும் சி. கே. நாயுடு வாழ்நாள் சாதனையாளர் விருதை வழங்கி வாரியம் சிறப்பித்தது. பாராட்டத்தக்கதே. ஆயினும் விருது ஒரு தீர்ப்பைத் திருத்துவதில்லை.

விளையாட்டு வரலாறு பயிலும் மாணவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஆட்டப் புள்ளிப்பட்டியல் ஆடிய பதினொருவரை மட்டுமே பதிவுசெய்கிறது. அதை மட்டும் சான்றாகக் கொண்டால் சிவால்கரின் டெஸ்ட் வரலாறு ஒரு சுழியத்தோடு முடிந்துவிடும். பழைய நாளிதழ்களில் ஆட்டத்துக்கு முன் வெளியான அணி அறிவிப்புகளையும் சேர்த்து வாசியுங்கள். யார் அழைக்கப்பட்டார், யார் அமர்த்தப்பட்டார், அவருக்குப் பதில் யார் ஆடினார் என்பவை அங்கேதான் கிடைக்கும். அவற்றோடு வைத்துப் பார்க்கும்போது அந்தச் சுழியம் ஆட்டக்காரரின் குறையைக் காட்டிலும் தேர்வாளர்களின் தயக்கத்தையே அதிகம் பேசும்.