காற்றும் நீரும் சிற்றறைக்கு வந்த வரலாறு

வீடு மாறுவோர் நாள் பார்ப்பதும், இருக்கும் வீட்டைத் திருத்துவோர் திசை பார்ப்பதும் கீழைத் தேசங்கள் பலவற்றிலும் வேரூன்றிய வழக்கங்கள். நம்மவர்க்கு மனையடி சாத்திரம் உள்ளதுபோலச் சீனருக்கும் ஒரு மனைநூல் உண்டு. அதனை அவர்கள் ஃபெங்சுயி என்பர். ஃபெங் என்பது காற்று; சுயி என்பது நீர். இவ்விரு சாத்திரங்களும் பார்வைக்கு உறவினர்போலத் தோன்றினும், ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று காட்ட நாம் முற்படவில்லை. மலையையும் ஆற்றையும் பார்த்து எழுந்த ஒரு நூல், மலையும் ஆறும் கண்ணிற் படாத ஒரு பத்தடி அறைக்குள் எவ்வாறு வந்து புகுந்தது? புகுந்தபின் அங்கே குடியிருந்த ஏழைகளுக்கு அது துணை செய்ததா, சுமையாயிற்றா? இதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இத்துறையின் பழைய நூல்களுக்குப் பெருங் கவலையாயிருந்தது, இருப்போர் எங்கே குடியிருப்பது என்பதைவிட இறந்தோரை எங்கே அடக்கஞ் செய்வது என்பதேயாம். குவோ பூ (276–324) என்னும் அறிஞரின் பெயரால் வழங்கும் அடக்க நூலே மூலநூலாகப் போற்றப்படுகின்றது; அவரே அதனை இயற்றினாரா என்பதில் ஆராய்ச்சியாளர் ஐயங்கொள்வர். பூமிக்குள்ளே ஓடும் ஒருவகை உயிர்ப்பு காற்றடித்தாற் சிதறும், நீர் எல்லை கட்டினால் தங்கும் என்பது அந்நூலின் அடிப்படைக் கருத்து. பிற்காலத்தில் கியாங்சி மாகாணத்தில் நிலத்தின் வடிவைப் பார்க்கும் மரபும், ஃபூக்கியன் மாகாணத்தில் திசையறி கருவியைக் கொண்டு கணிக்கும் மரபும் வளர்ந்தன. பின்னால் மலை, முன்னால் நீர், இருபுறமும் தாழ்ந்த குன்று, தெற்கு நோக்கிய வாசல்: இதுவே வடிவ மரபினர் விரும்பிய மனை. வடக்கிலிருந்து கடுங்குளிர்க் காற்று வீசும் ஒரு தேசத்தில் இதனை வெறும் பிதற்றல் என்று தள்ளிவிடுதல் இயலாது.

எனினும் வீட்டைப் பற்றிய விதிகள் குவோ பூவின் காலத்துக்கும் முந்தியவை. ஃபெங்சுயி என்ற பெயர் அக்காலத்தில் அவற்றுக்கு வழங்கவில்லை. அவ்விதிகளுட் பலவற்றை நாம் இன்று அறிவது அவற்றைக் கண்டித்த ஒருவரின் வாயிலாகவேயாம். அவர் பெயர் வாங் சுங். கி.பி. 27இல் பிறந்தவர், வறிய குடும்பத்தவர். தலைநகராகிய லோயாங்கில் மாணவராயிருந்த காலத்தில், நூல் வாங்கக் கையிற் பணமின்றி, சந்தைக் கடைகளில் விற்பனைக்கு வைத்திருந்த ஏடுகளைப் பார்த்தே மனனஞ் செய்தார் என்று அவர் சரித்திரம் கூறும். (நூலகத்தில் ஒரு பிரதிக்காகப் பலர் காத்திருக்கும் எம் போன்ற மாணவர்க்கு இப்பகுதியைப் படிக்கையில் அவர்மீது தனி அன்பு பிறக்கின்றது.) சிறு உத்தியோகங்கள் பார்த்து, பெரும் பதவி எதனையும் எட்டாமல், லுன்ஹெங் என்னும் பெருநூலை எழுதிவைத்துப் போனார்.

அவர் காலத்துச் சாத்திரிமார் குடிப்பெயர்களை ஐந்து இசைச் சுரங்களுக்கு ஏற்ப ஐந்து வகையாகப் பிரித்திருந்தனர். ஷாங் என்னும் சுர வகையைச் சேர்ந்த குடும்பத்தின் வாசல் தெற்கு நோக்கலாகாது. ஜி என்னும் வகையினரின் வாசல் வடக்கு நோக்கலாகாது. காரணம், முன்னையது உலோகம், தெற்கு நெருப்பு. பின்னையது நெருப்பு, வடக்கு நீர். மீறினால் குடும்பம் நொடிக்குமாம். வாங் சுங் கோபிக்கவில்லை, கேள்வி கேட்கிறார். காலை முதல் மாலை வரை மக்கள் இருப்பது கூடத்திலா, வாசலிலா? கூடம் வாசலைவிடப் பெரிய இடத்தை அடைக்கின்றதே. பலன் பார்ப்பதானால் கூடத்தையன்றோ பார்க்கவேண்டும்? அரசாங்க அலுவலகங்களில் எழுத்தர் குடியிருக்கும் அறைகள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. அவற்றில் எல்லாச் சுர வகையினரும் இருப்பர். பதவி உயர்ந்தவர் எல்லோரும் பொருத்தமான வாசலுடையவரா? பதவி இழந்தவர் எல்லோரும் பொருந்தாத வாசலுடையவரா?

இக்கேள்வியை நாம் மிகவும் முக்கியமாகக் கொள்கின்றோம். மாளிகை கட்டுவோன் வாசலைத் தெரிந்தெடுக்கலாம். வரிசையாகக் கட்டிய அறைகளில் ஒன்று கொடுக்கப்பட்டவன் எதனைத் தெரிந்தெடுப்பான்? பத்தொன்பது நூற்றாண்டுகளுக்கு முன் சிற்றறைவாசியைப் பற்றி நினைத்தவர் வாங் சுங்.

வீடு திருத்துவதைப் பற்றியும் அவர் நூலில் ஒரு கதை உண்டு. வீட்டை மேற்குப் பக்கமாக விரிக்கலாகாது, விரித்தால் மரணம் நேரும் என்பது அக்கால நம்பிக்கை. கொன்பூசியர் வாழ்ந்த காலத்தவனாகிய லூ நாட்டு ஐ என்னும் கோமகன் தன் மாளிகையை மேற்கே விரிக்க விரும்பினான். அரண்மனை வரலாற்றாசிரியன் அது அபசகுனம் என்று தடுத்தான். கோமகனுக்குக் கோபம் வந்தது. அருகிலிருந்தோர் பலமுறை எடுத்துரைத்தும் கேட்டானல்லன். பின் தன் ஆசானை அழைத்து, மேற்கே விரிப்பது அமங்கலமோ என வினவினான். உலகத்தில் அமங்கலங்கள் மூன்றே. மேற்கே வீடு விரிப்பது அவற்றுள் இல்லை என்றார் ஆசான். கோமகன் மகிழ்ந்துபோய், அவை மூன்றும் யாவை என்றான். ஒழுங்கும் நீதியும் தவறுதல் ஒன்று. ஆசைக்கு அளவில்லாதிருத்தல் இரண்டு. நல்லோர் சொல்லைக் கேளாதிருத்தல் மூன்று என்று விடை வந்தது. கோமகன் நெடுநேரம் வாய்திறவாதிருந்து, பின் மாளிகையை விரிக்கும் எண்ணத்தையே கைவிட்டானாம்.

வீடு மாறுவதற்கும் ஒரு தடை இருந்தது. வியாழனின் பன்னீராண்டுச் சுற்றையொட்டிக் கணிக்கப்படும் தைசுயி என்னும் ஆண்டுத் தெய்வம் ஒவ்வோராண்டும் ஒவ்வொரு திசையில் நிற்கும்; அதனை எதிர்நோக்கிக் குடிபெயர்வதும் கேடு, அதற்கு முதுகு காட்டிப் பெயர்வதும் கேடு. வாங் சுங் விடுவாரா? தெய்வம் குடிபெயர்வதையே வெறுக்குமாயின் பெயர்ந்தோர் யாவரும் கெடவேண்டும். தன்னை நோக்கி வந்து முட்டுவதை வெறுக்குமாயின் வீதியிலே வடக்குந் தெற்குமாக நடந்துபோவோர் யாவரும் கெடவேண்டுமே என்றார். இத்தனையும் எழுதியும் அவர் வென்றாரல்லர். தைசுயி இன்றும் சீனப் பஞ்சாங்கங்களில் இருக்கிறது. பழுதுபார்க்கும் வேலை தொடங்கவும் வீடு மாறவும் நாள் குறிக்க அப்பஞ்சாங்கத்தைப் புரட்டுவோர் ஹொங்கொங்கிலும் தைவானிலும் ஏராளம்.

இனி ஹொங்கொங்குக்கு வருவோம். நம் கதையின் பிற்பாதி அங்கேதான் நடக்கின்றது. 1841இல் ஆங்கிலேயர் அத்தீவைக் கைக்கொண்டபின், மலையிடுக்கை வெட்டி ஹப்பி வலி என்னும் பள்ளத்தாக்குக்கு ஒரு தெரு அமைத்தனர். சீனக் குடிகள் நடுங்கினர். நிலத்தினுள்ளே படுத்திருக்கும் நாகத்தின் அங்கம் வெட்டுண்டது என்றனர். பின்னர் பொறியியலாளர் பலர் காய்ச்சலால் மாண்டனர். அப்பள்ளத்தாக்கில் ஐரோப்பியர் கட்டிய வீடுகளைக் கைவிட்டுப் போகவேண்டியதாயிற்று. சாத்திரம் பலித்தது என்று சீனர் ஆரவாரித்தனர். இதனை எழுதிவைத்தவர் ஏர்ணெஸ்ட் ஐற்றல் என்னும் ஜெர்மானிய மிஷனரி. அவர் 1873இல் ஃபெங்சுயியைப் பற்றி வெளியிட்ட ஆங்கில நூலின் தலைப்பிலேயே அதனைச் சீனரின் இயற்கை விஞ்ஞானத்தின் ஆரம்பப் பாடம் என்று குறித்தார். மிஷன் பாடசாலையிற் படித்த நாம், பிற சமய வழக்கங்களை ஒரே வரியில் ஒதுக்கும் பாதிரிமார் நூல்களைக் கண்டு பழகியவர்கள். ஐற்றல் பொறுமையோடு கேட்டுப் பின்னரே மறுப்பது எமக்கு வியப்பாயிருந்தது. அப்பள்ளத்தாக்கு சதுப்பு நிலம். மலேரியாவின் கிருமி நுளம்பின் உடலில் வளர்வதை றொனால்ட் றொஸ் கண்டது 1897இல். நாகம் என்று கூறியோர் காரணத்தில் தவறினர். அவ்விடம் வாழத் தகாதது என்பதில் தவறவில்லை.

1898இல் ஆங்கிலேயர் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற புதிய ஆட்சிப்புலக் கிராமங்களில் ஃபெங்சுயி வேறொரு தொழிலும் செய்தது. ஊருக்குப் பின்னாலுள்ள சோலையை வெட்டலாகாது என்று அது காத்தமையால் மரங்கள் பிழைத்தன. சரிவில் மண் நின்றது. அரசாங்கம் தெருவோ நீர்த்தேக்கமோ அமைக்க வந்தபோது, ஊரின் காற்றும் நீரும் கெடுகின்றன என்று கிராமத்தார் வாதாடினர். சாந்திச் சடங்கு செய்வதற்கு அரசாங்கமே பணங் கொடுக்கும் முறையும் ஏற்பட்டது. நிலமுடையவன் கையில் இச்சாத்திரம் ஒரு வழக்குரைஞர்போல நின்றது என்னலாம்.

நிலமில்லாதவன் நிலை என்ன? 1953 டிசெம்பர் 25ஆம் திகதி இரவு, கவுலூனிலுள்ள ஷெக் கிப் மெய் என்னும் குடிசைப் பகுதியில் தீப்பற்றி 50,000 பேருக்கு மேல் வீடிழந்தனர். பெரும்பாலோர் சீனப் பெருநிலத்திலிருந்து வந்த அகதிகள். அடுத்த ஆண்டிலிருந்து அரசாங்கம் அவர்களுக்குப் பலமாடிக் கட்டடங்கள் எழுப்பிற்று. வளர்ந்தோர் ஐவருக்கு 120 சதுர அடி கொண்ட ஓரறை. அதாவது ஆளுக்கு 24 சதுர அடி. அறைகள் முதுகோடு முதுகு ஒட்டியவை. தண்ணீர்க் குழாயும் மலசலகூடமும் பொது. சமையல் வெளி விறாந்தையில். வாசல் எத்திசை, எத்தனையாம் மாடி, அயலவர் யார் என்பவற்றில் ஒன்றேனும் குடியிருப்போன் கையில் இல்லை. வாங் சுங் குறித்த எழுத்தர் அறைகளே மீண்டும் எழுந்தன என்று சொல்லலாம்.

நகர்வாசிகளின் ஃபெங்சுயி இதற்கிடையில் உருமாறிவிட்டது. மலைக்குப் பதில் உயர்ந்த கட்டடம். ஆற்றுக்குப் பதில் தெரு. வீட்டினுள்ளே வாசல், கட்டில், அடுப்பு ஆகிய மூன்றே தலையாயவை. கட்டிலின் கால்மாடு வாசலுக்கு நேராக இருக்கலாகாது, பிணத்தைக் கால் முன்னாகவே வெளியே எடுப்பர் ஆதலால். உத்திரத்தின் கீழ்ப் படுக்கலாகாது. கண்ணாடி கட்டிலைப் பார்க்கலாகாது. தச்சருக்கு லூ பான் கோல் என்றோர் அளவுகோல் உண்டு. அதில் எட்டுப் பிரிவு, நான்கு நன்மை, நான்கு தீமை. கதவின் அகலமும் மேசையின் நீளமும் நன்மையில் வந்து முடியவேண்டும். இன்று விற்கும் உருக்கு அளவுநாடாக்களிலும் இப்பிரிவுகளைச் சிவப்பிலும் கறுப்பிலும் அச்சிட்டிருப்பதைக் காணலாம்.

பத்தடி அறையில் ஐவர் படுக்கும்போது எந்தக் கட்டில்தான் வாசலைப் பாராதிருக்கும்? மறைப்பு வைக்கமுடியாவிடின் ஒரு திரைச்சீலையேனும் கட்டு என்பது சாத்திரிமார் கூறும் பரிகாரம். இதனை நாம் எள்ளி நகையாட மாட்டோம். முழத் துணியொன்று மருமகளுக்கு ஒரு மறைவைத் தருமாயின் அதற்கு என்ன பெயரிட்டாலும் நல்லதே. கதவோரத்தில் நிலத்தை ஒட்டி வைக்கும் பூமித் தெய்வத்தின் சிறு பீடமும், அடுப்பருகே சமையற் தெய்வத்தின் சிவப்புத் தாளும் அரை அடி இடத்தையும் அடைப்பதில்லை. இரவல் அறையைத் தன் வீடு என்று சொல்லவைப்பவை அவையே.

சீனப் பெருநிலத்தில் 1949க்குப் பின் இக்கலை மூடநம்பிக்கை என்று ஒடுக்கப்பட்டது. 1966இல் தொடங்கிய கலாசாரப் புரட்சியில் பழமைகளை அழிக்கப் புறப்பட்டோர் இதனையும் விடவில்லை. கடல் கடந்த இடங்களில் அது வளர்ந்தது. அமெரிக்காவிற் குடியேறிய லின் யுன் (1932–2010) என்பவர் திசையறி கருவியையே விட்டுவிட்டு, எண்கோணப் படமொன்றை அறையின் வாசலிலிருந்து விரித்துப் பார்க்கும் முறையைப் பரப்பினார். அதன்படி வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம். எந்த வாடகை அறையும் தகும். செல்வக் கோணம் ஒன்று, திருமணக் கோணம் ஒன்று. மேனாட்டு நகரங்களில் ஃபெங்சுயி என்று விற்பனையாவதிற் பெரும்பங்கு இதுவே. பெருவங்கிகளின் கோபுரங்கள் ஒன்றையொன்று முறைத்துப் பார்ப்பதாகச் சொல்லும் கதைகளைப் பலரும் அறிவர், அவற்றை விடுகின்றோம்.

எம்மை உறுத்துவது வேறு. எந்த அறையிலும் செல்வக் கோணம் உண்டு என்றால், அவ்வறையில் இருந்து வறுமைப்படுவோன் தன் கோணத்தைச் சரிவர வைக்கத் தெரியாதவன் ஆகிவிடுகின்றான். வாடகையை உயர்த்தியவனும், ஒரு வீட்டை நான்காய்த் தடுத்தவனும் கணக்கிலிருந்து மறைந்துவிடுகின்றனர். பெரியோர் எம்மைக் கோபிக்கலாகாது. திரைச்சீலையை ஏற்ற நாம் இதனை ஏற்கமாட்டோம்.

ஹொங்கொங்கின் 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, தடுத்துப் பிரித்த வீடுகளில் வாழ்வோர் 2 இலட்சத்துக்கு மேற்பட்டோர். அவர்களுக்குத் தலைக்கு ஏறக்குறைய 6 சதுர மீற்றர் இடமே இருந்தது. ஷெக் கிப் மெய்யின் முதற் கட்டடங்களுள் மெய் ஹோ இல்லம் என்னும் ஒன்று மட்டும் இடிக்கப்படாமல், 2013 முதல் இளைஞர் விடுதியாக நடைபெறுகின்றது. தடுத்த வீடுகளுக்கு இனி ஒரு குறைந்தபட்ச அளவு வேண்டும் என்று 2024 ஒக்டோபரில் அரசாங்கம் அறிவித்தது. 8 சதுர மீற்றருக்குக் குறையாத தரை, காற்று வர யன்னல், வீட்டுக்கெனத் தனி மலசலகூடம் என்பன அதிற் சொல்லப்பட்டன.