பேனாவால் தீட்டிய முகம்

சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) அவர்களின் முகம் என்று ஒரு படம் நம் கைப்பேசிகளில் அடிக்கடி வந்து போகிறது. தலைப்பாகை, அடர்ந்த தாடி, கூரிய பார்வை. அது அவர் முகமன்று. அவர் வாழ்ந்த காலத்தில் நேரில் பார்த்து வரைந்த நம்பத்தகுந்த ஓவியம் ஏதும் நமக்குக் கிட்டவில்லை. ஃபுளோரன்ஸ் நகரில் உள்ள ஓவியம் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது; குஸ்தாவ் டோரேயின் சித்திரமோ 19ஆம் நூற்றாண்டினது. இருவரும் தம் கற்பனையையே வரைந்தனர்.

ஆயினும், அவரை அருகிருந்து பார்த்த ஒருவர் எழுத்தால் தீட்டிய சித்திரம் நம்மிடம் உண்டு. மோசுல் நகரில் பிறந்த பஹாவுத்தீன் இப்னு ஷத்தாத், 1188இல் சுல்தானின் பணியில் சேர்ந்து, படையின் காழியாக அவர் மறையும் வரை உடனிருந்தார். அவர் எழுதிய வரலாற்றில் முகவடிவத்தைத் தேடினால் ஏமாந்து போவோம். மனிதரைத் தேடினால் கிடைப்பார்.

அக்கா என்னும் துறைமுக நகருக்காகப் போர் நடந்த நாள்களில் சுல்தானுக்கு இடுப்பிலிருந்து முழங்கால் வரை கொப்புளங்கள். உட்கார்ந்து உணவருந்தவும் இயலவில்லை. அந்நிலையிலும் குதிரையேறி அணிகளைச் சுற்றி வந்தார். வியந்து கேட்டவரிடம், குதிரைமீது ஏறினால் வலி தெரிவதில்லை என்றாராம்.

அதே போர்க்களத்தில் எதிரணிப் பெண்ணொருத்தி அழுதுகொண்டு வந்தாள். மூன்று மாதக் குழந்தையை இரவில் திருடர்கள் தூக்கிச் சென்றுவிட்டனர். சுல்தானின் கண்கள் கலங்கின. சந்தையில் விற்கப்பட்டிருந்த அக்குழந்தையை, வாங்கியவருக்கு விலை கொடுத்து மீட்டுத் தாயிடம் சேர்ப்பித்தார்.

மழையில் சேறாகிக் கிடந்த ஒரு நாளையும் காழி மறக்கவில்லை. சுல்தானுக்கு முன்னே சென்ற அவருடைய கோவேறு கழுதை, சுல்தானின் ஆடையெல்லாம் சேற்றை வாரியடித்தது. காழி வெட்கிப் பின்தங்க முயன்றார். சுல்தானோ சிரித்தபடி அதற்கு இடம் தரவில்லை. இதைப் படிக்கும்போது, எந்த ஓவியத்திலும் காணாத ஒரு முகம் நமக்குத் தென்படுகிறது.

நம் மேடைகளில் நாம் தாண்டிச் செல்லும் பகுதிகளும் உண்டு. 1187இல் ஹித்தீன் வெற்றிக்குப் பின், சிறைப்பட்ட டெம்ப்ளர், ஹாஸ்பிடலர் வீரர்களைக் கொல்லுமாறு அவரே ஆணையிட்டார். அவ்வாண்டு ரஜப் 27 அன்று பைத்துல் முகத்தஸ் வசமானபோது, 1099இல் சிலுவைப் படையினர் அந்நகரில் நடத்தியதைப் போன்ற படுகொலை நிகழவில்லை. ஆணுக்கு 10 தீனார், பெண்ணுக்கு 5 தீனார் என மீட்புத்தொகை பெற்று வெளியேற விட்டார். பலரைத் தொகையின்றியும் விடுவித்தார். ஆனால் தொகை செலுத்த வழியற்ற ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாயினர். அக்காலப் போர்வழக்கு அதுதான் எனினும், நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இதை மறைத்துவிட்டால், நாமும் டோரேயைப் போல மனத்துக்குப் பிடித்ததை வரைந்தவர்களாவோம்.

ஹிஜ்ரி 589 ஸஃபர் 27, புதன்கிழமை. டமாஸ்கஸில் சுல்தான் மறைந்தார். எகிப்தையும் சிரியாவையும் ஆண்டவரின் கருவூலத்தில் இருந்தவை 47 திர்ஹமும் ஒரு பொற்காசும். வீடில்லை, நிலமில்லை, தோட்டமில்லை. ஸகாத் கடமையாகும் அளவுக்கு அவரிடம் செல்வம் தங்கியதே இல்லை என்கிறார் காழி. அடக்கத்துக்கான செலவு முழுவதும் கடனாகவே பெறப்பட்டது, களிமண்ணில் பிசைவதற்கான வைக்கோல் உட்பட.