காலாவதி வேறு, காலி வேறு: வால்யூஜெட் 592 விட்டுச் சென்ற தாள்கள்

விரிவுரைக்கு வராத நண்பனுக்காக வரவுப் பதிவேட்டில் ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை என்று எங்கட பட்ச்சில் யாராவது சொன்னால் நாங்கள் நம்பமாட்டோம். அதைப் பொய் என்று ஒருவரும் நினைப்பதில்லை. தாள் நிரம்பவேணும், நிரப்பிவிட்டோம், அவ்வளவுதான். ஆனால் வரலாறு படிக்கிற எங்களுக்கு ஆவணம்தானே மூலாதாரம்? நூறு வருடம் கழித்து அந்தப் பதிவேட்டை எடுத்துப் பார்க்கிறவர், அன்றைக்கு மண்டபம் நிரம்பி இருந்தது என்றுதான் எழுதுவார்.

அப்படி நிரப்பப்பட்ட ஒரு தாளைப் பற்றித்தான் இங்கே கதைக்கப் போகிறோம். அந்தத் தாளோடு சேர்ந்து 110 பேர் இறந்தார்கள்.

1978 இல் அமெரிக்கா விமானக் கட்டணங்கள் மீதும் வழித்தடங்கள் மீதும் இருந்த அரச கட்டுப்பாட்டை நீக்கச் சட்டம் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு மலிவுக் கட்டண நிறுவனங்கள் பல முளைத்தன. அவற்றில் ஒன்று வால்யூஜெட். 1993 ஒக்டோபரில் அட்லாண்டாவிலிருந்து பறக்கத் தொடங்கிய இந்த நிறுவனத்திடம் 1996 இல் சுமார் 50 விமானங்கள் இருந்தன. பெரும்பாலானவை மற்ற நிறுவனங்கள் ஓட்டிக் கழித்த பழைய டிசி-9 விமானங்கள். பெரிய பராமரிப்பு வேலைகளை வெளி நிறுவனங்களுக்கு ஒப்பந்தத்தில் கொடுத்தார்கள். கண்காணிக்க வேண்டிய மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்குள்ளேயே, இந்த நிறுவனத்துக்கு முதலிலிருந்து மீண்டும் சான்றளிப்பதைப் பரிசீலிக்கவேண்டும் என்று 1996 பெப்ரவரியில் ஓர் உள்ளக அறிக்கை எழுதப்பட்டது. அறிக்கை எழுதினபடி கிடந்தது.

அதே காலத்தில் மியாமியில், சேபர்டெக் என்ற ஒப்பந்த நிறுவனத்தின் பட்டறையில் வால்யூஜெட் வாங்கிய எம்டி-80 விமானங்களில் வேலை நடந்துகொண்டிருந்தது. குறித்த நாளில் முடிக்காவிட்டால் விமானம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 2,500 டொலர் கழிக்கப்படும் என்பது ஒப்பந்தம். வேலை செய்தவர்களில் பலர் தற்காலிகமாகக் கூலிக்கு எடுக்கப்பட்டவர்கள். வாரம் ஏழு நாளும் வேலை நடந்தது.

செய்யவேண்டியவற்றில் ஒன்று, காலாவதியான ஒட்சிசன் உருளைகளைக் கழற்றி மாற்றுவது. பயணிகளின் தலைக்கு மேலே தொங்கும் முகமூடிக்கு ஒட்சிசன் கொடுப்பவை இவை. உள்ளே அடைத்து வைத்த வாயு இல்லை, இரசாயனம்தான் இருக்கிறது. முனையில் உள்ள ஊசி தட்டுப்பட்டால் தாக்கம் தொடங்கும், ஒட்சிசன் வரும், உருளையின் வெளிப்பக்கம் 200 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகும். அதனால் கழற்றியவுடன் அந்த முனைக்கு ஒரு சின்ன பிளாஸ்ரிக் மூடி போடவேணும். வேலைத் தாளில் அது எழுதியே இருந்தது. ஆனால் பட்டறையில் மூடி இருக்கவில்லை. விமானங்களைக் கொடுக்கிற நாள் நெருங்கியது. மூடி போட்டாயிற்று என்று தாளில் கையெழுத்து விழுந்தது.

பிறகு நடந்ததுதான் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது. உருளைகள் மட்டைப் பெட்டிகளில் களஞ்சியத்துக்குப் போயின. களஞ்சியத்தில் இருந்தவருக்கு அவை என்னவென்று தெரியாது. இடத்தைத் துப்புரவாக்க வேண்டியிருந்தது. ஐந்து பெட்டிகளாகக் கட்டி, வால்யூஜெட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். அனுப்புத் துண்டில் எழுதப்பட்டது: 'ஒட்சிசன் உருளைகள், காலி.' காலாவதியானது என்றால் காலியானது என்று அர்த்தம் இல்லை. கழற்றியவருக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்கும், எழுதியவருக்குத் தெரியவில்லை, ஏற்றியவர் கேட்கவில்லை.

1996 மே 11. மியாமியிலிருந்து அட்லாண்டாவுக்குப் போன 592 ஆம் இலக்க விமானத்தின் முன்பக்கச் சரக்கறையில் அந்தப் பெட்டிகள், சில டயர்களோடு ஏற்றப்பட்டன. காற்றுப் புகாத அறை என்பதால் தீப்பிடித்தாலும் தானாக அணைந்துவிடும் என்ற நம்பிக்கையில், அங்கே புகை உணர்கருவியும் இல்லை, தீயணைப்பு வசதியும் இல்லை. ஒட்சிசனைத் தானே உண்டாக்கும் தீ எப்படி அணையும்? 1988 இல் இன்னொரு விமானத்தின் இதே மாதிரியான சரக்கறையில் தீப்பிடித்தபோதே, இந்தக் கருவிகளைக் கட்டாயமாக்குங்கள் என்று விபத்து விசாரணைச் சபை கேட்டிருந்தது. செலவுக்கு ஏற்ற பயன் இல்லை என்று நிர்வாகம் மறுத்துவிட்டது. 592 பறந்தது பத்து நிமிடம்கூட இல்லை. எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் விழுந்தது. ஒருவரும் தப்பவில்லை.

1997 இல் விசாரணைச் சபை மூன்று தரப்பையும் காரணமாகச் சொன்னது: உருளைகளைச் சரியாகக் கையாளாத சேபர்டெக், ஒப்பந்தக்காரரைக் கண்காணிக்காத வால்யூஜெட், கருவிகளைக் கட்டாயமாக்காத நிர்வாகம். குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போனது முதல் தரப்பு மட்டும்தான். சேபர்டெக்கின் ஊழியர் மூவர் மீது குற்றவியல் வழக்குப் போடப்பட்டது. இருவர் விடுவிக்கப்பட்டார்கள், ஒருவர் தலைமறைவானார். நிறுவனத்துக்கு எதிரான தீர்ப்பில் பெரும்பகுதியை 2001 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இரத்துச் செய்தது. வால்யூஜெட் 1997 இல் ஏர்ட்ரான் என்ற பெயருக்கு மாறிக்கொண்டது. சரக்கறைகளில் உணர்கருவியும் தீயணைப்பும் 1998 இல் கட்டாயமாக்கப்பட்டன. முதல் தரம் கேட்டுப் பத்து வருடம் கழித்து.

மலிவு ரிக்கற் என்றாலே ஆபத்து என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 2000 ஜனவரியில் 88 பேரோடு விழுந்த அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261 மலிவு நிறுவனத்தின் விமானம் இல்லை. அங்கேயும் வால்பகுதித் திருகுக்குக் கிரீஸ் பூசும் இடைவெளியை நீட்டிக்கொண்டே போயிருந்தார்கள், அதுவும் அனுமதியோடு. ரிக்கற்றின் விலையை மட்டும் பார்த்து இதை விளங்கிக்கொள்ள ஏலாது. ஒரு வேலை எத்தனை கை மாறுகிறது, மாறும்போது அந்த வேலையைப் பற்றிய அறிவும் கூடவே போகிறதா, 'மூடி இல்லை, கையெழுத்துப் போடமாட்டன்' என்று சொல்பவருக்கு அடுத்த நாள் வேலை இருக்குமா என்பதைத்தான் பார்க்கவேணும்.

கையெழுத்துப் போட்டவர்கள் செய்தது பிழைதான். அதை நாங்கள் நியாயப்படுத்தவில்லை. ஆனால் நாளொன்றுக்கு 2,500 டொலர் என்று எழுதிய தாளும், பெப்ரவரியில் எழுதிக் கிடந்த அறிக்கையும், மறுக்கப்பட்ட அந்தப் பரிந்துரையும்கூட ஆவணங்கள்தான். அவற்றிலும் யாரோ கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அந்தக் கையெழுத்துகளுக்காக ஒருவரும் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை.