சுலலங்கோர்ன்: சீர்திருத்தத்தின் மறுபக்கம்

சியாம் மன்னர் சுலலங்கோர்னை (1853–1910) அடிமைத்தளையை அறுத்தவர் என்றே வரலாற்று நூல்கள் போற்றும். அது பொய்யன்று. 1868இல் பதினைந்து வயதில் அரியணையேறிய அவர், அவ்வாண்டு முதலாகப் பிறந்த அடிமைப் பிள்ளைகள் இருபத்தொரு வயதில் விடுதலை பெற 1874இல் வழிசெய்தார். 1905இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும் இதனை மன்னரின் கருணையாக மட்டும் கொள்வதற்கில்லை. தந்தை மொங்குட் 1855இல் பிரித்தானியருடன் செய்த உடன்படிக்கை அரிசி ஏற்றுமதிக்கு வாயில் திறந்திருந்தது. உழைப்பாளர் பிரபுக்களின் பிடியிற் கட்டுண்டு கிடக்க, விரிந்துசென்ற வயல்களுக்கு ஆள் எங்கிருந்து வரும்? மேலும், பிரபுக்களின் ஆள்வலிமை குன்றக் குன்ற மன்னரின் கரமே வலுப்பெற்றது என்பதையும் நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

குடும்பமே அரசாங்கமாயிற்று. மாற்றாந்தாய்ச் சகோதரருள் தேவவொங்சே வெளிநாட்டமைச்சையும், தம்ரொங் 1892 முதல் உள்நாட்டமைச்சையும் நடத்தினர். மாகாணங்களுக்குப் பாங்கொக்கிலிருந்து அதிகாரிகள் சென்றனர். அவர்களுடன் வரியும் சென்றது. 1902இல் வடக்கிலும் வடகிழக்கிலும் மூண்ட கிளர்ச்சிகள் படைகொண்டு அடக்கப்பட்டன. புகழுரைகள் இவற்றை விரைந்து கடந்துவிடுகின்றன.

சியாம் குடியேற்ற நாடாகவில்லை. ஆயினும் 1893இல் மீகொங் ஆற்றின் இடக்கரை பிரான்சுக்கும், 1909இல் கெடா, கிளந்தான், திரங்கானு, பெர்லிஸ் ஆகியன பிரித்தானியாவுக்கும் போயின.

மன்னருக்குப் பிள்ளைகள் எழுபதுக்கு மேல். இளவரசர் பலர் ஐரோப்பாவிற் கற்றுவந்து உயர்பதவிகளை நிரப்பினர். அவர் அமைத்த நிர்வாகமும் படையுமோ அரச குலத்தவரல்லாத கல்விமான்களையும் வேண்டி நின்றன. அவர்களுக்கு மேற்படிகள் அடைபட்டிருந்தன. இம்முரண்பாடு 1932 ஜூன் 24இல் வெடித்தது. அன்று வரம்பில்லா முடியதிகாரத்தை இழந்தவர் சுலலங்கோர்னின் மகன் பிரஜாதிபோக்; அதனைப் பறித்தோர் தந்தை அமைத்துச் சென்ற படையிலும் பணிமனைகளிலும் ஊழியம் பார்த்தவர்கள்.