கல்வெட்டிலிருந்து இரங்கலுரைக்கு: யாழ்ப்பாணத்தில் தலைவரைப் புகழ்ந்த முறை

யாழ்ப்பாணத்தில் 31ஆம் நாள் அந்தியேட்டிக்குப் போனவர் கையில் ஒரு சிறு புத்தகம் கிடைக்கும். இன்று அதன் அட்டையில் நினைவு மலர் என்றிருந்தாலும் ஊர்வாயில் அது கல்வெட்டுத்தான். அதிலுள்ள இரங்கற்பாவான சரமகவிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பிள்ளையார் காப்பு, ஊர்வளம், வமிசம், கல்வி, மணம், நோய் என்று நடந்து, இறந்த ஆண்டும் மாதமும் திதியும் சொல்லும் வெண்பாவில் நிற்கும். அதன்பின் மனைவி, மக்கள், மருமக்கள், பேரர் தனித்தனியே புலம்புவர். முடிவில் தேற்றம். பொதுத் தலைவர்களுக்கான இரங்கலுரை இங்கே மேடைப் பேச்சின் வரவால் மட்டும் பிறந்ததன்று. இந்த வீட்டு வடிவத்துக்குள் அடங்காத மனிதர்கள் இறந்தபோது, அது அவர்களுக்காக நெகிழ்ந்து கொடுத்தது.

முதலில் நெகிழ்ந்தது புலம்பல். 1879 டிசம்பர் 5இல் மறைந்த ஆறுமுக நாவலர் மணம் செய்யாதவர். மனைவி புலம்பலுக்கோ மக்கள் புலம்பலுக்கோ அங்கே இடமில்லை. சி.வை. தாமோதரம்பிள்ளை அவர்மீது பாடிய புகழ்பெற்ற வெண்பாவைப் பாருங்கள். அவர் பிறவாதிருந்தால் தமிழும் மறையும் புராணமும் பிரசங்கமும் என்னவாகியிருக்கும் என்று அது அடுக்கிக் கேட்கிறது. உறவினர் அழவேண்டிய இடத்தில் மொழியும் சமயமும் வந்து நிற்கின்றன. நான்கே அடியில் நடந்த இந்த மாற்றத்தை ஈழத்துப் பொதுவாழ்வின் தொடக்கங்களுள் ஒன்றாகவே கொள்கிறேன்.

அடுத்தது ஊர்வளம். 1930 நவம்பரில் இறந்த பொன்னம்பலம் இராமநாதனின் புகழுக்கு நடுவே இருப்பது 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்தின் பின் சிங்களவருக்காக அவர் வாதாடியதும், கொழும்பில் சிங்களத் தலைவர்கள் அவரது வண்டியை இழுத்துச் சென்றதுமான நிகழ்ச்சி. வயலும் குளமும் இருந்த இடத்தில் முழுத் தீவும் வந்தது. அந்தத் தீவு அவருக்குப்பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை.

1977 ஏப்ரல் 26இல் மறைந்த சா.ஜே.வே. செல்வநாயகத்துக்காகக் காப்பே நெகிழவேண்டியிருந்தது. மலாயாவின் ஈப்போவில் பிறந்த கிறித்தவர். சைவர் பெரும்பான்மையாக வாழும் மண்ணின் தலைவர். பிள்ளையாரும் ஊர்க்கோயிலும் இருக்கவேண்டிய முதற்பக்கத்தை அவரது நேர்மையும் எளிமையும் நிரப்பின. 'ஈழத்துக் காந்தி' என்ற பட்டம் அந்த வேலையைத்தான் செய்தது. 'தந்தை' என்ற பட்டமோ புலம்பல் பகுதி முழுவதையும் ஒரு மக்கள் கூட்டத்திடம் ஒப்படைத்தது. பார்க்கின்சன் நோயால் நலிந்து, மெல்லிய குரலில் பேசிய அவரிடம் மேடை முழக்கம் இருந்ததில்லை. புகழுரைகள் அந்தக் குறையை மறைக்கவில்லை, அடக்கமாகவும் உறுதியாகவும் வாசித்தன. பிரதமர் பண்டாரநாயக்காவுடன் 1957இலும் பிரதமர் டட்லி சேனநாயக்காவுடன் 1965இலும் செய்த ஒப்பந்தங்கள் கைவிடப்பட்டதையும் அவை ஒளிக்கவில்லை. தோல்வி, வாக்குத் தவறியவர்கள் மீதான குற்றச்சாட்டாயிற்று. இது நியாயமான வாதம். ஆயினும் அதே உரைகளில் 1948 குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்து மலையகத் தமிழருக்காக அவர் கட்சியை விட்டுப் பிரிந்தது பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு வருத்தம் தருகிறது. அவர் வாழ்வின் ஆகத் துணிந்த செயல் அதுவே.

இந்த வழியில் சேராத ஒரு மரணம் கொழும்புத்துறையில் நிகழ்ந்தது. 1964 மார்ச்சில் துறவியான யோகர் சுவாமிகள் அங்கே மறைந்தார். 'எப்பவோ முடிந்த காரியம்' என்று சொல்லிக்கொண்டிருந்தவருக்குப் புலம்பல் பொருந்தாது. அடியார் அதைச் சமாதி என்றனர், பங்குனி ஆயிலியத்தில் குருபூசை செய்கின்றனர். துறவியின் மரபு இறப்பையே ஏற்பதில்லை. தலைவரின் மரபு இறப்பை ஏற்று, மிஞ்சிய வேலையை எண்ணிக் காட்டுகிறது.

கல்வெட்டின் கடைசிப் பகுதியான தேற்றம் 1977இல் மாறியது இதனால்தான். செல்வநாயகம் இறப்பதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன், 1976 மே 14இல், தனித் தமிழ் அரசு கோரும் வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறியிருந்தது. அழுதவர்களை ஆற்றவேண்டிய சொற்கள், அதை முடித்துத் தருவோம் என்ற சபதமாயின. மூன்று மாதத்துக்குள், ஜூலை 21 பொதுத்தேர்தலில், அவரது தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களை வென்றது; அக்கூட்டணியின் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார்.