ஆழ்கடற் குரலும் அதிகாரத்தின் இரைச்சலும்

வல்லரசுகள் ஒன்றையொன்று ஐயுற்று நின்ற 1950ஆம் ஆண்டுகளில், ஐக்கிய அமெரிக்கக் கடற்படை அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியிலே ஒலி கேட்கும் கருவிகளைப் பதித்தது. சோவியத்து நீர்மூழ்கிக் கப்பல்களின் நடமாட்டத்தை அறிவதே நோக்கம். அக்கருவிகளிலோ விளங்காத துடிப்பொன்று வந்து விழுந்தது. செக்கனுக்கு ஏறத்தாழ 20 அதிர்வுகளே கொண்ட அவ்வொலி, மனிதச் செவியின் கீழெல்லையில், மணிக்கணக்காக ஒரே சீராக ஒலித்தது. இயந்திரமோ, பூமியின் அசைவோ, பகைவனின் தந்திரமோ என்றெல்லாம் ஊகித்தனர். வில்லியம் ஷெவில், வில்லியம் வாட்கின்ஸ், றிச்சாட் பாக்கஸ் ஆகிய மூவரும் 1964இல் வெளியிட்ட ஆய்வு ஐயத்தை நீக்கிற்று: அது துடுப்புத் திமிங்கிலத்தின் குரல்.

பகைவனைத் தேடி வைத்த காதிலே அயலவனின் குரல் விழுந்தது எனலாம். ஆனால் அக்குரல் பிறந்த வரலாறு யுத்தக் கருவிகளின் வரலாற்றிலும் மிக நீண்டது. அதனையே நாம் முதலில் நோக்கவேண்டும்.

திமிங்கிலம் மீனன்று, நம்மைப் போன்ற முலையூட்டி. அதன் மூதாதைகள் நிலத்தில் நான்கு கால்களால் நடந்தவை. பாகிஸ்தானின் பாறைகளிலே கிடைத்து, 1981இல் பாக்கிசீற்றஸ் எனப் பெயர்பெற்ற உயிர்ச்சுவடு ஏறத்தாழ 5 கோடி ஆண்டுப் பழமையுடையது. அவ்விலங்கின் செவியெலும்பே அது திமிங்கிலக் குலத்தைச் சேர்ந்ததெனக் காட்டிக்கொடுத்தது. கடல் புகுந்த சந்ததிக்குக் கண்ணும் மூக்கும் நெடுந்தூரத்துக்கு உதவவில்லை. தெளிந்த கடலிலும் இருநூறு மீற்றருக்குக் கீழே பகலொளி மங்கிவிடுகின்றது. மணமோ நீரோட்டத்தின் வேகத்திலேயே செல்லும். ஒலி மட்டும் செக்கனுக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர், காற்றிற் செல்வதிலும் நான்கு மடங்குக்கு மேற்பட்ட விரைவில், செல்கின்றது. அதிலும் தாழ்ந்த ஒலியை நீர் மிகச் சிறிதளவே உறிஞ்சும். பல்லுள்ள திமிங்கிலங்கள் உயர்ந்த ஒலியின் எதிரொலியால் இரைதேடலாயின. பல்லற்ற பெருந்திமிங்கிலங்கள் தாழ்ந்த குரலைத் தமதாக்கிக்கொண்டன. நிலத்திலும் இவ்விதியே செல்லும். 1984இல் போட்லன்ட் நகர மிருகக்காட்சிச்சாலையில் யானைகளின் அருகே நின்ற கேற்றி பெயின் காற்றிலே ஒரு துடிப்பை உணர்ந்தார். நாம் கேட்கவியலாத அக்குரலால் யானைகள் சில கிலோமீற்றருக்கு அப்பாலும் ஒன்றையொன்று அறிகின்றன.

நீருக்கடியில் மூச்சை வெளிவிடாது குரலெழுப்புவது எளிதன்று. திமிங்கிலம் இதனை எவ்வாறு சாதிக்கின்றது என்பது 2024இலேயே தெளிவாயிற்று. கரையொதுங்கி இறந்த திமிங்கிலங்களின் குரல்வளைகளை ஆராய்ந்த கூன் எலமன்ஸ் குழுவினர், நீண்டு வளைந்த குருத்தெலும்புகள் ஒரு கொழுப்பு மெத்தையோடு அழுந்தி ஒலியெழுப்புவதைக் கண்டனர். ஆனால் ஏறத்தாழ 100 மீற்றருக்குக் கீழே ஆழத்திலும், செக்கனுக்கு 300 அதிர்வுகளுக்கு மேலும் இவ்வமைப்புத் தொழிற்படாது என்பதும் அவர்களின் முடிவு. இவ்வெல்லையை வாசகர் மனத்திற் கொள்வாராக.

கடலிலே ஒலிக்கு ஓர் இயற்கைப் பாதையும் உண்டு. வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் மேலும் கீழும் வளைக்கப்பட்டு, ஒலி ஓர் ஆழத்திலே சிறைப்பட்டு நெடுந்தூரம் ஓடுகின்றது. அமெரிக்காவில் மொறிஸ் யூவிங் 1944இல் இதனைப் பரிசோதித்துக் காட்டினார். சோவியத்து விஞ்ஞானி லெயோனிட் பிரெகோவ்ஸ்கிக் 1946இல் தனித்தே கண்டறிந்தார். கப்பல்களின் இரைச்சல் இல்லாத பழைய சமுத்திரத்தில், இப்பாதையின் துணையும் கிடைத்தால், துடுப்புத் திமிங்கிலத்தின் குரல் நூற்றுக்கணக்கான, ஒருவேளை ஆயிரக்கணக்கான மைல் எட்டியிருக்கும் என 1971இல் றொஜர் பெயினும் டக்ளஸ் வெப்பும் கணக்கிட்டனர். மந்தை என்றால் கண்ணுக்கெட்டும் கூட்டமென்பதே நம் எண்ணம். கடலில் தனியே திரிவதாக நாம் காணும் விலங்குக்கோ, குரலெட்டும் தூரமெல்லாம் ஊரே.

அந்த ஊருக்கு நேர்ந்தது என்ன? எண்ணெய்க்காகவும், அதிலிருந்து செய்த சவர்க்காரத்துக்காகவும் மாஜரீனுக்காகவும், 20ஆம் நூற்றாண்டில் மாத்திரம் ஏறத்தாழ 29 இலட்சம் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. இலாபவேட்டை முதலாளிகளின் தொழில் என்று சொல்லி நாம் அமைதிகொள்ள இயலாது. 1960ஆம் ஆண்டுகளில் சோவியத்துக் கப்பற்படைகள் நமது இந்து சமுத்திரத்திலும் தடையை மீறி வேட்டையாடின. பொய்த் தொகைகளை உலகுக்கு அறிவித்தன. திட்டத் தொகையை எட்டுவதே அங்கே குறி. றஷ்ய விஞ்ஞானி அலெக்ஸி யாப்லொகோவ் 1993இல் இதனை அம்பலப்படுத்தினார். உண்மையைச் சொன்னவரும் அந்நாட்டவரே என்பதையும் நாம் குறித்துவைக்க வேண்டும். வர்த்தக வேட்டையை நிறுத்தும் சர்வதேசத் தீர்மானம் 1982இலே நிறைவேறிற்று.

ஈட்டி ஓய்ந்தது, இரைச்சல் ஓயவில்லை. பெருங்கப்பல்களின் சுழலிகள் எழுப்பும் ஒலி, திமிங்கிலம் பேசும் அதே தாழ்ந்த வீச்சிலே விழுகின்றது. சந்தையிலே நாம் உரத்துக் கத்தலாம். திமிங்கிலமோ தன் குரல்வளையின் எல்லையால் அவ்விரைச்சலுக்கு மேலே எழவும் இயலாது, கீழே ஆழ்ந்து தப்பவும் இயலாது. 2001 செப்டம்பர் தாக்குதலின் பின்னர் கப்பற்போக்குவரத்துச் சில நாள் குறைந்தபோது, கனடாவின் பண்டி விரிகுடாவில் கடலொலி தணிந்தது. அங்கு சேகரித்த திமிங்கில எச்சத்தில் மனவழுத்தத்தைக் காட்டும் ஓமோன்களும் குறைந்திருந்தன. இவ்வாய்வு 2012இல் வெளிவந்தது.

இது பிறநாட்டுக் கதையன்று. திருகோணமலைக் கடலிலே நீலத் திமிங்கிலங்களின் குரல் 1984இல் பதிவு செய்யப்பட்டது. இலங்கைக் கடலில் வாழும் இவை, துருவக் கடல்களுக்குச் சென்று மீளும் தம் இனத்தவைபோலன்றி, வெப்ப வலயத்திலேயே தங்கிவிடுவன. தேவேந்திரமுனைக்குத் தெற்கே அவை இரைதேடும் நீரினூடாகவே உலகின் மிகச் சுறுசுறுப்பான கப்பற்பாதைகளில் ஒன்று செல்கின்றது. மோதுண்டு இறந்த திமிங்கிலங்கள் கரைசேர்ந்ததும் உண்டு. பாதையை 15 கடல்மைல் தெற்கே தள்ளினால் மோதும் அபாயம் 95 வீதம் குறையும் என 2016இல் ஓர் ஆய்வு கணித்தது. 2022இல் பெருங் கப்பற் கம்பனியொன்று தன் கப்பல்களைத் தானாகவே தெற்கே விலக்கிற்று. மற்றவற்றையும் விலகச் செய்ய, சர்வதேசக் கடல்சார் அமைப்பிடம் பாதை மாற்றத்தைக் கோரவேண்டியது கொழும்பிலுள்ள அரசே.